புறுபுறுப்பு

மனைவி மீனாம்பிகை போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம். அவளுடைய முகம் குகதாசனுக்கு மறக்கவில்லை. அதற்குத்தான் கோப்பாய் வீட்டுச் சுவர் முழுக்கப் படங்கள் இருக்கின்றனவே. மறந்துபோனது குரல். போனை நீட்டினாலே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறவளின் குரலை எங்கே பிடித்து வைப்பது? இருந்த வீடியோக்களையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். ஒன்றிலும் அவள் பேசவில்லை. நாற்பது வருடம் வாய் மூடாதவள் இதில் மட்டும் மூடிக்கொண்டாளே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

அன்று காலை கனடாவிலிருந்து மகள் கீர்த்திகா வீடியோ அழைப்பு எடுத்தாள். பக்கத்தில் அவள் புருஷன், மதுரைக்காரன்.

"அப்பா, இவரைச் சும்மா புறுபுறுக்காதேங்கோ எண்டு சொன்னனான். அப்பிடி ஒரு சொல்லே இல்லையாம்."

"அப்படின்னா என்ன மாமா, புகாரா?" என்றான் மருமகன்.

"இல்லைத் தம்பி. நீங்கள் புகார் எண்டுறதை நாங்கள் முறைப்பாடு எண்டுவம். அது பொலிசிலை குடுக்கிறது. அதுக்கு மறுமொழி வேணும். புறுபுறுப்புக்கு மறுமொழி வேண்டாம். பக்கத்து அறையிலை கேக்கிறதுக்கு ஓராள் இருந்தாக் காணும்."

மீனாம்பிகை புறுபுறுத்தால் அன்றைக்கு எல்லாம் சரியென்று அர்த்தம். சத்தமில்லாத நாளில்தான் அவர் எழும்பிப் போய்ச் சமையலறையை எட்டிப் பார்ப்பார்.

"அந்த வார்த்தை எதுலேருந்து வந்துச்சு? புறா சத்தமா?"

"புறாவோ என்னவோ தெரியாது. எங்கடை வீட்டிலை குசினிக்குள்ளை இருந்துதான் வந்தது. பொறுங்கோ, செய்து காட்டுறன்."

தொண்டையைச் செருமினார்.

"இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொல்லுறது, தலை துடைச்ச ஈரத் துவாயை இருக்கிற கதிரையிலை போடக்கூடாதெண்டு. ஆர் கேக்கினம்? நான் ஒருத்தி இல்லாமல் போனால்தான் தெரியும். தேத்தண்ணியும் ஆறுது. குடிக்கிறதெண்டால் வந்து குடிக்கட்டும்."

விளையாட்டாகத் தொடங்கியதுதான். "ஆர் கேக்கினம்" என்ற இடத்தில் குரல் மூக்கால் இழுபட்டு மேலே ஏறியது. கடைசிச் சொல்லில் அலுத்துப்போய் இறங்கியது. அது அவருடைய குரல் இல்லை. குகதாசன் திகைத்துப்போய் நிறுத்தினார்.

மருமகன் சிரித்தான். கீர்த்திகா சிரிக்கவில்லை.

"அப்பா," என்றாள். "அது அம்மா."

இருவரும் அழுதார்கள். மருமகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நிப்பாட்டாதேங்கோ அப்பா. இன்னும் கொஞ்சம் புறுபுறுங்கோ."

குகதாசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். பிறகு அதே குரலில் தன் குற்றங்களை ஒன்றொன்றாகச் சொல்லித் தன்னையே ஏசத் தொடங்கினார்.