ஓஸ்கரியின் மொபெட் செயின்

என் கணவர் இல்க்கா வாரத்தில் ஐந்து நாள் பால் வண்டி ஓட்டுகிறவர், சனிக்கிழமை மட்டும் கொல்லர். இந்தக் கொல்லர் வேலையில் வரவு கிடையாது, செலவு மட்டும் உண்டு. எங்கள் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கார் நிறுத்த வேண்டிய கொட்டகையில் உலை எரியும், கார் பனியில் நிற்கும். இரண்டு மூன்று விதமான உருக்கை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒன்றாக அடித்து, கத்தியில் அலை அலையாகக் கோலம் வரவைப்பார்கள். பிறகு ஒருவர் கத்தியை ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டினால் எங்கள் ஊரில் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

என் மகன் ஓஸ்கரி பதினாறு வயதில் செத்துப்போனான். செப்டம்பர் மாதம், அந்தி மயங்கும் நேரம், காட்டுப் பாதை வளைவில் குதிரை உயரத்துக்கு ஒரு எல்க் மான் குறுக்கே வந்துவிட்டது. மான் எழுந்து போய்விட்டது, அவன் எழுந்திருக்கவில்லை. இதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நசுங்கிப்போன மொபெட்டைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். போவதற்கு முன் செயினை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவன் கை அதிகம் பட்டது அதில்தான். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, என் பழைய டூத் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பான். ஒரு தரம் என் புது பிரஷ்ஷையே எடுத்துவிட்டான். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"புது பிரஷ்ல தேச்சா செயினுக்கும் சந்தோஷமா இருக்கும்லம்மா?" என்றான் அந்தக் கழுதை, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவனுக்குப் பதினெட்டு முடிந்ததும் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கோலக் கத்தி ஒன்று செய்து தருவதாக இல்க்கா வாக்குக் கொடுத்திருந்தார். பதினெட்டு ஆக வேண்டிய நாள் வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது செயினை எடுத்து வந்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"இதுல செய்."

"எதை?"

"கத்தியைத்தான். அவனுக்குச் சொன்ன கத்தி. நான் இடுப்புல கட்டிக்கிறேன்."

இல்க்கா செயினைத் தொடவில்லை. "செயின்ல செய்றது லேசுப்பட்ட வேலை இல்ல, மெர்யா."

"லேசான வேலை செய்றதுக்கா இத்தனை வருஷமா என் காரைப் பனியில நிறுத்தி வச்சிருக்க?"

அவர் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. "கண்ணியெல்லாம் தெரியணும், இல்க்கா. கத்தியைப் பாத்தா இது அவன் செயின்னு எனக்குத் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்."

"சரி" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செயின். கெட்டுப்போனால் வேறு கிடையாது. அதனால் எங்கள் கொட்டகையில் செய்யாமல், நண்பர் தைஸ்தோவின் பட்டறைக்குப் போனோம். தைஸ்தோ கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெண்டாட்டிக்கு ஆகும் செலவில் இரும்பை அமுக்கும் ஒரு பெரிய பிரஸ் வாங்கிப் போட்டிருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார். ஊரிலேயே வாய் ஓயாத ஆள் அவர் ஒருவர்தான்.

செயினை மடித்து ஒரு சதுர இரும்புக் குழாய்க்குள் வைத்தார்கள். இடைவெளியெல்லாம் உருக்குத் தூளைக் கொட்டி, தட்டித் தட்டி இறக்கி, வாயை மூடி வெல்டிங் வைத்தார்கள். உலையில் அது சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சளானது. இல்க்கா குறட்டால் பிடித்து எடுக்க, தைஸ்தோ பிரஸ்ஸை இறக்கினார். குழாய் அமுங்கிப் பாளமானது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவன் செயின் வேறு இரும்போடு ஒன்றாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூஞ்சியை அப்படி வச்சுக்காத மெர்யா, உலையே அணைஞ்சிடும் போல இருக்கு" என்றார் தைஸ்தோ. "இது நல்லபடியா ஒட்டிக்கிச்சு. சத்தத்துலயே தெரியுது. இனிமே நீளமா இழுத்து, தேச்சு எடுத்தாப் போதும். கண்ணி அப்படியே நிக்கும்."

இல்க்கா எதுவும் பேசவில்லை. எப்போதும் பேசாதவர்தான் என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மீதி வேலையை நான் பாத்துக்கறேன், நீ வீட்டுல சவுனாக் குளியலுக்கு விறகு போடு" என்றார் அடுத்த வாரம். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். சனிக்கிழமைதோறும் தைஸ்தோவின் பட்டறைக்குத் தனியாகப் போய்வந்தார். கடைசியில் ஒரு நாள், "இன்னைக்கு ஆசிட்ல வைக்கலாம், வா" என்று எங்கள் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

அதுவரை கோலம் இருப்பது யாருக்கும் தெரியாது. தேய்த்து மெருகேற்றிய கத்தி வெறும் வெள்ளைத் தகடாகத்தான் பளபளக்கும். ஆசிட்டில் வைத்தால்தான் ஒரு இரும்பு கறுக்கும், இன்னொன்று கறுக்காமல் நிற்கும், கோலம் எழுந்து வரும். வெள்ளரிக்காய் ஊறுகாய் போடும் நீள ஜாடியில் ஆசிட் இருந்தது. இல்க்கா கத்தியை இறக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பிடித்தேன்.

எடுத்து, தண்ணீரில் அலசி, என்னிடம் கொடுத்தார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். சாம்பல் நிறம்தான் இருந்தது. மழை மேகம் மாதிரி, முனையிலிருந்து அடிவரை ஒரே சாம்பல்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சுப் பாரு" என்றேன்.

வைத்தார். எடுத்தார். அதே சாம்பல்.

"கண்ணி எங்க?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்க்கா, அவன் எங்க?"

"வெட்டி அடுக்கிட்டேன்" என்றார். "பாளத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ஒட்டுறதுக்கு வெங்காரம் தூவி, மறுபடி காய்ச்சி ஒட்டினேன். மறுபடி வெட்டினேன்."

"எத்தனை தரம்?"

"எண்ணலை. ஒண்ணும் தெரியாமப் போற வரைக்கும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. தவறிப்போன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று புரிந்ததும் கத்தியை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

"அந்தச் செயினை மாட்டினது நான், மெர்யா" என்றார். "பின்னால சின்னப் பல்சக்கரமா போட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி செயினைக் குறைச்சு, என் கையால மாட்டினேன். சட்டப்படி நாப்பத்தஞ்சுல ஓட வேண்டிய வண்டி எழுபத்தஞ்சுல ஓடுச்சு. நாப்பத்தஞ்சுல போயிருந்தா பிரேக் பிடிச்சிருப்பான். அந்தக் கண்ணி ஒவ்வொண்ணையும் உன் இடுப்புல நான் தினம் பாக்கணுமா? என்னால முடியல."

"எனக்கு அது தெரியாதுன்னா நெனச்ச? இந்த ஊர்ல எந்த வீட்டு மொபெட் நாப்பத்தஞ்சுல ஓடுது? மொத நாள் சத்தத்துலயே எனக்குத் தெரியும்."

இல்க்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா அவன் பின்னாலயே நீயும் போயிடுவியோன்னு பயந்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "இப்ப பயமில்ல, கோபந்தான் இருக்கு. மிச்சம் இருந்ததையும் இல்லாம ஆக்கிட்ட நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்கு சவுனாவின் நீராவி அறைக்கு அவர் தனியாகப் போனார், அவர் வந்த பிறகு நான் தனியாகப் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. மேல் பலகையில் அவர் உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது. நான் கீழ்ப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அவரை வெறுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து தைஸ்தோவிடம் சண்டைக்குப் போனேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னேன் மெர்யா, வெட்டாதடான்னு சொன்னேன். அவன் காது கேக்காத மாதிரி அடிச்சுக்கிட்டே இருந்தான். அடிக்கிறானா அழுறானான்னு எனக்கே தெரியல. ஆம்பள அழும்போது பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு வெளிய போயி விறகு பொளந்தேன். இந்தக் குளிர்காலத்துக்கு எனக்கு விறகுப் பஞ்சம் இல்ல."

பிறகு ஏதோ நினைவு வந்தவராகப் பழைய இரும்பு போடும் வாளியைக் கவிழ்த்து, விரலால் துழாவினார். முதல் நாள் பிரஸ்ஸில் வைத்துப் பிடித்த பாளத்தின் முனை சரியாக ஒட்டாது என்று எப்போதும் வெட்டிப் போடுவார்களாம். அந்த முனை கிடைத்தது, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு. தைஸ்தோ அதன் ஒரு பக்கத்தைத் தேய்த்து ஆசிட்டில் முக்கினார். வாய் ஓயாதவர் வாயை மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

கண்ணிகள் இருந்தன. கொஞ்சம் நசுங்கி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, ஆனால் கண்ணிகள்தான். இடுப்பு சிறுத்த, இரண்டு முனையும் உருண்ட அதே கண்ணிகள். அவனே தரையில் உட்கார்ந்து தேய்த்தவை.

"இல்க்காகிட்ட காட்டப் போறியா?" என்றார் தைஸ்தோ.

காட்டத்தான் நினைத்தேன். முகத்துக்கு நேரே நீட்டி, பார், பார் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் பால் வண்டி ஓட்டும்போது போட்டிருந்த காலுறைகளை அடுப்பு மேல் உலரப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு கூனிப்போயிருந்தது. என்னால் முடியவில்லை. இரும்பை என் மழைக்கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன்.

கத்தியையும் நான் தூக்கிப் போடவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதில் கறுப்பு ரொட்டி வெட்டினேன், காட்டில் காளான் அரிந்தேன். அருமையாக வெட்டியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் என் இடுப்பைப் பார்ப்பார், கத்தியை உருவும்போது சாம்பல் நிறத்தைப் பார்ப்பார், கொஞ்சம் மூச்சு விடுவார். நான் ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்து போகும்போது உள்பையில் கைவிட்டு என் பையனைத் தொட்டுக்கொள்வேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

நவம்பரில் ஓயாத மழை. ஈரக் கை பட்டுப் பட்டு இரும்பில் துருவேறிவிட்டது. விரல் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. துடைத்து எண்ணெய் போட வேண்டும், ஆனால் எண்ணெய் இருப்பது இல்க்காவின் கொட்டகையில். கேட்டால் எதற்கு என்பார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் பைக்குள் கைவிட்டேன். விரல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் துரு சுத்தமாக இல்லை. கண்ணிகள் கறுப்பும் வெள்ளையுமாக நின்றன. கத்திகளுக்கு அவர் போடும் எண்ணெயின் வாசனை அடித்தது.

அன்று வேலை முடிந்து வந்தபோது மணி நான்குதான், ஆனாலும் வெளியே இருட்டிவிட்டது. இல்க்கா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தேன்.

"பையில எண்ணெய்க் கறை பட்டிருக்கு" என்றேன்.

"வெந்நீர்ல துவைச்சாப் போயிடும்."

"எப்பத்திலிருந்து உனக்குத் தெரியும்?"

"போன குளிர்காலத்துல இருந்து. கார் சாவி தேடினேன்." ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "ரெண்டு மூணு தரம் துடைச்சு வச்சேன். இந்தத் தடவைதான் துரு ஜாஸ்தி."

"அப்ப பாத்துட்ட."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "பாக்கல. வெளக்கை அணைச்சுட்டுத்தான் துடைச்சேன்." கிழங்கு சீவிய கத்தியை வைத்துவிட்டு, பெருவிரலை விரல்களோடு சேர்த்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். "ஆசிட் அரிச்ச இடம் பள்ளமா இருக்கும்ல. கண்ணி கையில தட்டுப்படுது."

நான் எழுந்து விளக்கை அணைத்தேன். இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்து, இரும்பை அதில் வைத்தேன். ஈரக் கை, உருளைக்கிழங்கு மண் வாசனை. கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல் அதன் மேல் நகர ஆரம்பித்தது.