மூடிப் பார்த்த கணக்கு

பிஸ்கட் தொழிற்சாலை திங்கட்கிழமை பங்குச் சந்தைக்கு வருகிறது. அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு ஒரே ஆசைதான்: முதல் நாளே ஒரு பங்காவது தன் கையால் வாங்கிவிட வேண்டும். எந்தத் தரகரிடம் கணக்குத் திறப்பது என்று பார்க்கும் வேலையைக் கணவனிடம் விட்டிருந்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் 'பிரேக்' என்று கூப்பிடுவார்கள். புது லிஃப்ட் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அது நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான், ஏறுவதெல்லாம் அப்புறம். தரகர்களின் செயலிகளையும் அப்படியே பார்த்தான். கணக்கைத் திறப்பான், கொஞ்சம் பணம் போடுவான், போட்ட கையோடு திருப்பிக் கேட்பான், வந்ததும் கணக்கை மூடச் சொல்வான். ஒன்று பணத்தைத் தராமல் இழுத்தடித்தது. இன்னொன்றில் மூடும் பொத்தானே கண்ணில் படவில்லை. ஒரு பெண் குரல் போன் மேல் போன் போட்டு, ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று உருகியது.

"நான்கூட உங்களுக்காக இப்படி உருகினதில்ல" என்றாள் அவள்.

ஞாயிறு மதியம் அவளுடைய தம்பியும் சாப்பிட வந்திருந்தான். கணவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"முடிவு பண்ணிட்டேன். இதுதான் புரோக்கர். பணம் அன்னைக்கே வந்துடுச்சு. ஒரு கேள்வி கேக்கல."

"அப்பாடா! போனைக் குடுங்க, எப்படி வாங்குறதுன்னு பாக்கலாம்" என்றாள் அவள்.

அவன் போனை நீட்டவில்லை. தண்ணீர்க் குவளை விட்டுப்போன ஈர வட்டத்தை விரலால் இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க?"

"மூடிட்டேன்."

"எதை?"

"கணக்கைத்தான். நல்லாத்தான் மூடுச்சு."

தம்பிக்குப் புரையேறியது. "மாமா, உங்களைப் பொண்ணு பாக்க அனுப்பினா கல்யாணம் பண்ணி, டைவர்ஸும் வாங்கிட்டு வந்து, 'நல்ல இடம்தான்'னு சொல்லுவீங்க போல!"

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகுதான் உறைத்தது.

"நாளைக்குச் சந்தைக்கு வருதே?"

"என் பேர்ல மறுபடி திறக்க ஒரு வாரம் ஆகுமாம்."

"உங்க பேர்லயா?"

வாங்கப்போகிறவள் அவள். ஆனால் கணக்கு யார் பெயரில் என்று அதுவரை அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் தலை நிமிர்ந்தான்.

"உன் பேர்ல புதுசா திறந்தா காலையிலயே ஆயிடும்."

செயலி அவள் முகத்தைக் கேட்டது. வட்டத்துக்குள் பார், அசையாதே, வாயை மூடு என்றது. அவள் பார்த்ததும் தம்பி மெல்ல, "டைவர்ஸ்" என்றான். வட்டம் சிவந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் வெடித்துச் சிரித்தாள்.

"எந்திரி மாப்ள" என்று தம்பியைத் தள்ளிக்கொண்டுபோய் பால்கனிக் கதவைச் சாத்தினான் அவன்.

அவளும் அவள் முகமும் மட்டும்தான் மிச்சம். தலை வாரும்போது பார்ப்பது வேறு. இப்படி ஒரு வேலையும் இல்லாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது எப்போது என்று நினைவில்லை. பார்க்கப் பார்க்க அந்த முகம் பிடித்துப்போனது. வட்டம் பச்சையானதைக்கூட அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில், தொழிலாளர்கள் பை வைக்கும் அலமாரிகளுக்கு நடுவில் நின்று போனைத் திறந்தாள். கணக்கு தயார். ஒன்று என்று அடித்து, 'வாங்கு' என்பதைத் தொட்டாள். அவ்வளவுதான்.

"என்னடி, லாட்டரியா?" என்றாள் பக்கத்து கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்ப்பவள்.

"இல்லடி. கம்பெனியை வாங்கிட்டேன்."

"முழுசாவா?"

"ஆரம்பிச்சிருக்கேன்."

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "பெல்ட் ஓடுதும்மா."

"ஓடட்டும் சார், நம்மளதுதானே" என்று சொல்லிக்கொண்டே அவள் தொப்பியை மாட்டினாள். பெல்ட்டில் முதலில் வந்தது ஓர் உடைந்த பிஸ்கட். வழக்கம்போல் எடுத்துக் கூடையில் போடப்போன கை நின்றது. "யாருடி இது, அடுப்புல கவனமே இல்லாம!" என்று அவள் அதட்டிய அதட்டலில் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.