ஆறும் எட்டும்

"இதுவும் எட்டுதானே?" என்று அச்செடுத்த தாளைக் காட்டி அக்கா கேட்டபோது, தலையை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

"ஆறு, அக்கா. அது ஆறு."

ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் கருவியின் திரைக்காக அவன் எண்களின் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தான். ஓரங்களில் கொம்பும் வாலும் இல்லாத தடித்த எழுத்து. ஒல்லியான ஒன்றுக்கும் உடம்பு பெருத்த எட்டுக்கும் ஒரே அகலம். அப்போதுதான் எண் மாறும்போது திரை துள்ளாது. ஒன்று நட்ட குச்சிபோல் தனித்து நின்றது. அதன் காலடியில் ஒரு பட்டை போட்டு நிறுத்தினான். எட்டுக்கோ உள்ளே இடமில்லாமல் மூச்சு முட்டியது. கோட்டின் தடிப்பைக் குறைத்தால் கம்பெனிக்காரர், "தடிப்பா கேட்டா நோஞ்சானைத் தர்றீங்களே" என்று திருப்பி அனுப்பினார். சாயங்காலம் கெடு.

அக்கா கண் மங்கிய பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். கருவியின் எண்ணைத் தானே படித்து ஊசி மருந்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், தன் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தாள். காலையில் அவன் எழுந்து படித்துச் சொல்லும்வரை பசியோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

"உனக்கு எதைக் காட்டினாலும் எட்டுதான்" என்றான்.

அவள் தாளை மேசையில் வைத்தாள். "சரிப்பா. எட்டுன்னு நெனச்சு மருந்தைக் கூட்டிப் போட்டா மயக்கம்தானே வரும். உனக்கும் கொஞ்ச நேரம் நிம்மதி."

அவனுக்குச் சுருக்கென்றது. கை நீட்டி அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டான். ஆறு, எட்டு, ஒன்பது எல்லாம் சட்டைப் பொத்தான்களாகத் தெரிந்தன.

"என் கண்ணாடியைப் போட்டா நீ நானாயிடுவியாடா?"

"பேசாம இரு. ஏற்கெனவே தலை சுத்துது."

முணுமுணுத்துக்கொண்டே ஆறின் வாயை அகலத் திறந்தான். ஒன்பதின் காலைச் சாய்த்து நீட்டினான். கோட்டின் தடிப்பில் கைவைக்கவில்லை. அச்செடுத்து, கண்ணாடியோடு அவளிடம் நீட்டினான்.

"எட்டு. ஒன்பது. இது ஆறு." நிறுத்தினாள். "ஆறுதானே?"

"ஆறேதான்."

எழுத்துருவைக் கம்பெனிக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "ஆறு கொட்டாவி விடுவதுபோல் இருக்கிறது. பழைய ஆறையே போடுங்கள்."

பல்லைக் கடித்தபடி, "பழைய ஆறு கிடையாது" என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

உள்ளே பரண் கதவு கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தான். நாற்காலியின் மேல் நின்று அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த தன் பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே என்ன அவசரம்?"

"தூசி தட்டத்தான்டா. நாற்காலியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையில் போன் திரும்ப அதிர்ந்தது. பையிலிருந்து தூசி அவன் தலைமேல் மெல்ல இறங்கியது.