பூரணிக்கு வழி விடுங்க

ராணிப்பேட்டை ஷூ கம்பெனிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தெரிந்த ஆட்டம் இரண்டுதான். ஒன்று ஒத்தை, இன்னொன்று சுத்து. பேர் வைத்தது அம்சவேணி.

ஒத்தை என்றால் நாலு பேரும் இடது பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, வலது பக்கம் மொத்தத்தையும் பூரணிக்கு விட்டுவிட வேண்டும். அவள் பந்தை வாங்கி, எதிரே நிற்பவளைத் தனியாகவே ஏமாற்றிவிட்டுக் கூடைக்குப் போவாள். சுத்து என்றால் பந்து யார் கையிலும் நிற்கக் கூடாது. கைக்குக் கை ஓடிக்கொண்டே இருக்கும்; எவள் காலியாக நிற்கிறாளோ அவள் போடுவாள். எதை ஆடுவது என்று களத்தில் குரல் கொடுப்பதும் அம்சவேணிதான். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே கொண்டுவருவது அவள் வேலை. கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள், கல்யாணமாகி மூன்று வயசில் பெண் குழந்தை, அணியிலேயே குள்ளம். ஆனால் களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

பூரணி வேறு ரகம். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். ஐந்தடி பத்தங்குலம். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். எண்பத்து மூணு கோடையில் வேலூரில் நடந்த போட்டியில், அரை இறுதி ஆட்டத்தைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் அவள் ஒருத்தியே ஜெயித்துக் கொடுத்தாள். ஒத்தை, ஒத்தை, மறுபடியும் ஒத்தை. மூன்று தடவையும் கூடை. தையல் ஹால் சூப்பர்வைசரும் அணிக்கு மேனேஜருமான நயீம் அகமது, கர்ச்சீப்பைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் இறுதி ஆட்டம். ஆடுவதற்கு முன்னால், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அம்சவேணியின் பக்கத்தில் பூரணி வந்து நின்றாள்.

"அம்சா, மேல படியில சாம்பல் கலர் சபாரி போட்டுக்கினு ஒருத்தர் உக்காந்திருக்காரே, பாத்தியா? ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்காராம்."

"யாரு சொன்னாங்க?"

"நயீம் சார்தான். என்னைப் பாக்கத்தான் வந்தாராம்." பூரணி குரலைத் தாழ்த்தினாள். "இங்க வருஷத்துக்கு நாலு மேட்ச் ஆடறோம். மிச்ச நாளெல்லாம் தோலை எண்ணிக்கினு உக்காந்திருக்கேன். எனக்கு தினம் ஆடணும்டி. கடைசில பால் என்கிட்டயே குடு, இன்னா?"

"குடுக்கறேன்" என்றாள் அம்சவேணி. மனசாரத்தான் சொன்னாள்.

எதிரணி சென்னையிலிருந்து வந்த ஒரு மில் அணி. வெயில் சாய்ந்த பிறகும் சிமெண்டுத் தரை கொதித்தது. முதல் பாதி முழுக்க அம்சவேணி சுத்துதான் சொன்னாள். பந்து ஓடியது. பங்கஜம் போட்டாள், பூரணி போட்டாள், இடது மூலையில் சல்வார் கமீஸில் ஆடிய முனவ்வர் பேகம் நாலு கூடை போட்டாள். முனவ்வர் அதிகம் பேசாத பெண், வயசு பத்தொன்பது. அவளை ஆட விடச் சொல்லி அவள் அண்ணனிடம் மூன்று மாசம் கெஞ்சியிருந்தார் நயீம். இரண்டாம் பாதியில் ராணிப்பேட்டை எட்டுப் பாயின்ட் முன்னால் போயிற்று.

ஐந்து நிமிஷம் இருக்கும்போது நயீம் கோட்டோரம் வந்து கத்தினார்: "போதும்! ஒத்தை! பூரணிக்கு வழி விடுங்க!"

அங்கேதான் ஆட்டம் கெட்டது. சென்னைக்காரிகள் முந்தின நாள் ஆட்டத்தைப் படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நாலு பேர் இடது பக்கம் ஒதுங்கிய உடனே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பூரணியின் கையில் பந்து விழுந்ததும், அவளை மறித்த நாலாம் நம்பர்காரியோடு, முனவ்வரை மறிக்க வேண்டிய ஒன்பதாம் நம்பரும் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கு நடுவே பூரணி முட்டி மோதிப் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அடுத்த தடவை கையிலிருந்தே தட்டிப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்தது பலகையின் ஓரத்தில் பட்டது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஒரு கூடை விழுந்தது, ஒரு தடவை மட்டும் கூடவே ஒரு ஃப்ரீ த்ரோவும். நாற்பத்தாறு நாற்பத்தைந்து. எட்டு ஒன்றாகிவிட்டது.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது நயீம் டைம் அவுட் கேட்டார்.

ஐந்து பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மூச்சு வாங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"சார்," என்றாள் அம்சவேணி, "ரெண்டு பேர் பூரணி மேல வராங்க. முனவ்வர் கிட்ட ஒருத்தி கூட இல்ல. சுத்து ஆடலாம் சார்."

"பயந்துக்கினு ஆட்டத்தை மாத்தறதா? நேத்து எது ஜெயிச்சுது?"

"நேத்து ஒருத்திதான் மறிச்சா."

"அம்சவேணி, பேஜார் பண்ணாதே. ஒத்தை. அவ்ளோதான்."

அம்சவேணி பூரணியைப் பார்த்தாள். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று இருந்தது. பூரணியோ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேலே படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் சபாரிக்காரர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

விசில் அடித்தது. அம்சவேணி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேர் இடது பக்கம் போனார்கள். பூரணி வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பந்து இன்னும் போகவே இல்லை, அதற்குள் ஒன்பதாம் நம்பர்காரி முனவ்வரை விட்டுவிட்டு நகர ஆரம்பித்தாள். குழாயடியில் சொன்ன வார்த்தை அம்சவேணிக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் கை இடது பக்கம் திரும்பிவிட்டது. பந்து நேராக முனவ்வருக்குப் போயிற்று.

முனவ்வர் எதிர்பார்க்கவே இல்லை. மூணு நிமிஷத்துக்கு மேலாகப் பந்தையே தொடாமல் மரம் மாதிரி நின்றிருந்த பெண். சுற்றிலும் ஆள் இல்லை, நிதானமாகவே போட்டிருக்கலாம். அவசரமாகப் போட்டாள். பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் கீழே விழுந்தது.

படிகளில் கூட்டம் "ஓ"வென்று கத்தியது. சென்னைக்காரிகள் பந்தை எடுத்து, பொறுமையாகக் கொண்டுபோய், நேரத்தைக் கரைத்து, ஒரு கூடை போட்டார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு. ராணிப்பேட்டை பின்னால்.

"ஏண்டி?" என்றாள் பூரணி. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "சொன்னேன் இல்ல? சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

அம்சவேணி திரும்பிப் பந்தை வாங்கிக்கொண்டாள். கோட்டோரத்தில் நயீம், மாற்று ஆட்டக்காரியை எழுப்பி நிறுத்திவிட்டார். ஆட்டம் நிற்கிற முதல் நிமிஷம் அம்சவேணி வெளியே போகவேண்டியதுதான். ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. பந்து அவள் கையில் இருந்தது, முப்பது நாற்பது செகண்டு மிச்சம் இருந்தது.

முனவ்வர் பக்கத்தில் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அம்சாக்கா, எனக்கு வேணாங்க்கா. என் கிட்ட குடுக்காதீங்க."

"உன் எடத்துல போய் நில்லு."

"அக்கா—"

"போய் நில்லு முனவ்வரு. போடறதும் போடாததும் அப்புறம். கையை மட்டும் தயாரா வெச்சுக்கோ."

பிறகு அம்சவேணி தொண்டை கிழிய, "சுத்து!" என்று கத்தினாள். கோட்டோரத்திலிருந்து "ஒத்தை! ஒத்தை!" என்று நயீமின் குரல் வந்துகொண்டே இருந்தது. பங்கஜம் ஒரு கணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள். அது போதுமாக இருந்தது.

பந்து பங்கஜத்துக்குப் போய், திரும்பி அம்சவேணிக்கு வந்தது. மறுபடியும் பங்கஜம். மறுபடியும் அம்சவேணி. பிறகு பூரணிக்குக் கொடுத்தாள். கொடுத்துத்தான் ஆகவேண்டும், அவளுக்குக் கொடுக்காமல் சுத்து எது? இரண்டு பேரும் பூரணியின் மேல் பாய்ந்தார்கள். பூரணி ஒரு தட்டுத் தட்டினாள், தோளால் தள்ளிப் பார்த்தாள், வழி இல்லை. நேரம் ஓடியது. போட்டாலும் போட்டுவிடுவாள் என்று அம்சவேணி நினைத்தாள். போட்டிருந்தால் தப்பும் சொல்லியிருக்க முடியாது.

பூரணி பந்தைத் திருப்பி எறிந்தாள். பாஸ் என்று அதைச் சொல்ல முடியாது. நீயே வைத்துக்கொள் என்கிற மாதிரி, அத்தனை கோபமும் சேர்த்து எறிந்தது. அம்சவேணியின் உள்ளங்கை எரிந்தது. எரிந்த கையோடு அப்படியே இடது மூலைக்குத் தள்ளினாள்.

முனவ்வர் இந்தத் தடவை கையைத் தயாராக வைத்திருந்தாள். போன தடவை தவறவிட்டவள்தானே என்று ஒன்பதாம் நம்பர் விட்டுவிடவில்லை. பதறி அவளை நோக்கி ஓடினாள். நாலாம் நம்பரும் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் பூரணியின் மேல் யாருடைய கண்ணும் இல்லை. யாரும் சொல்லாமலே பூரணி பின்கோட்டை ஒட்டிக் கூடைக்கடியில் பாய்ந்தாள். முனவ்வர் போடப்போகிற மாதிரி பந்தைத் தூக்கினாள். ஒன்பதாம் நம்பர் எகிறினாள். அவள் கைக்குக் கீழே முனவ்வர் பந்தைத் தரையில் அடித்து அனுப்பினாள்.

பூரணி இரண்டு கையாலும் வாங்கி, பலகையில் வைத்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே விழுந்தது.

சென்னைக்காரிகள் பாதிக் களத்திலிருந்து கடைசியாக வீசிய பந்து எங்கேயோ போனது. விசில் அடித்தபோது அம்சவேணி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். பங்கஜம் வந்து கட்டிக்கொண்டாள். முனவ்வர் தேம்பித் தேம்பி அழுதாள். நயீம் எல்லாருடைய முதுகிலும் தட்டிக்கொண்டே வந்தார். அம்சவேணியிடம் வந்ததும் கை நின்றது. "ஜெயிச்சதால தப்பிச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பூரணி அவள் பக்கமே வரவில்லை. படியேறிச் சபாரிக்காரர் எதிரில் போய் நின்றாள். கூடவே நயீமும் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்சவேணி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பூரணி முன் சீட்டில் முனவ்வரோடு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அம்சவேணிக்கு வீட்டு நினைப்பு வந்தது. குழந்தை தூங்கியிருக்குமா, மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாளா?

மேல்விஷாரம் தாண்டியதும் பூரணி எழுந்து வந்து, தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரம்பூர்ல ட்ரையலாம். வரச் சொல்லிட்டார்."

"நெசமாவா?" அம்சவேணி அவள் கையைப் பிடித்தாள். பூரணி கையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் இறுகியே இருந்தது.

"பால் என் கையில ரொம்ப நேரம் நிக்குதாம். அதைக் கம்மி பண்ணிக்கணுமாம். கடைசியா போட்டதுதான் நல்லா இருந்துச்சுன்னார்." "அப்புறம், பந்து கொண்டாந்த அந்தக் குள்ளப் பொண்ணு யாருன்னு கேட்டார். நயீம் சார், அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, கொழந்தை இருக்குன்னு சொல்லி முடிச்சுட்டார்."

அம்சவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நயீம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"நான் விட்டுடுவேனா? கொழந்தை இருந்தா இன்னா சார், கால் இல்லையான்னு கேட்டேன். சபாரிக்காரர் சிரிச்சுட்டார். ரெண்டு பேரும் வரணுமாம். அடுத்த மாசம்."

அம்சவேணியின் மனசுக்குள், புருஷனிடம் எப்படி ஆரம்பிப்பது, பெரம்பூருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று என்னென்னவோ ஓடியது. "எப்பிடிடி போறது?" என்றாள் கடைசியில்.

"அது உன் பாடு." பூரணி கையை விடுவித்துக்கொண்டு தலையைச் சீட்டில் சாய்த்தாள். "ஆனா அந்த மொதல் பால் எனக்குத்தான் நீ குடுத்திருக்கணும்."

"குடுத்திருந்தா புடுங்கினு போயிருப்பாங்க."

"புடுங்கியிருக்க மாட்டாங்க."

"மூணு தரம் இன்னா ஆச்சு?"

"நாலாவது போட்டிருப்பேன்டி!"

ஆற்காடு தாண்டிப் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோதும் இரண்டு பேரும் ஓயவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றார்.