சொந்தக்காரன் இல்லாத ஆமென்

எங்கள் சபை ஒரு பிஷப்பால் உடைந்தது. அவரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. அவர் எந்த நாட்டு பிஷப் என்பதிலேயே கமிட்டிக்குள் இரண்டு கருத்து இருந்தது. ஆனால் அவர் இன்னொரு ஆணோடு குடும்பம் நடத்துகிறார், அப்படியிருந்தும் தலையில் கைவைத்து அபிஷேகம் பண்ணிவிட்டார்கள் என்று கமிட்டியில் இருந்த யோகராணி அன்ரிக்கு யாரோ ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். அது 2012. ஆணும் ஆணும் கலியாணம் முடிக்கலாமா என்று கன்பரா பாராளுமன்றத்திலும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எங்கள் தமிழ்ச் சபைக்கு இடம் தந்திருந்த வெள்ளைக்காரச் சபை, இதை யோசிக்க வேண்டும் என்றது. யோசிப்பதாவது! எங்களில் பாதிப்பேர் எழும்பிப்போய் டண்டினொங்கில் ஒரு பட்மின்ரன் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம்.

ஆணும் ஆணும் சேர்ந்த எந்த வாழ்க்கையையும் எங்கள் புதிய சபை ஆசீர்வதிக்காது என்ற தீர்மானத்தை எழுதியவன் நான்தான். செயலாளர். தமிழ் நன்றாக எழுதுவேன் என்பதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். இதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

கிருபானந்தன் மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை. காலையில் பழைய சபையில் கீபோர்ட் வாசித்தான், பின்னேரம் எங்களுக்கு வாசித்தான். அவன் சுருதி பிடித்துத் தராவிட்டால் நாங்கள் பாடுவது பாட்டாக இருக்காது என்பதால், கொள்கை அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளென் வருவார். பத்து வருடமாகக் கிருபாவோடு இருக்கிறவர். எங்கள் பாஷையில் அவர் ‘கிருபா வீட்டில் வாடகைக்கு இருக்கிற வெள்ளை’. தமிழ் தெரியாது. ஆனால் போதகர் ஜெபத்தில் பேச்சை நிறுத்தினால் அங்கே ‘ஆமென்’ வரவேண்டும் என்று பிடித்து வைத்திருந்தார். அவர் தொடங்க, பின்னால் சனம் முழுக்கச் சொல்லும். எங்களைவிட அவர்தான் கவனமாகக் கேட்கிறார் என்று போதகர் ஆனந்தராஜா பிரசங்கத்திலேயே எங்களைக் குத்தியிருக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வீடு வாங்கினார்கள். வாடகைக்காரன் வீட்டுக்காரனோடு சேர்ந்து வீடு வாங்குவதுண்டோ என்று நான் கேட்டேன். மெல்பேர்னில் வீடு விற்கிற விலைக்கு யாரும் யாரோடும் சேர்ந்து வாங்கலாம் என்று யோகராணி அன்ரி முடித்து வைத்தார்.

குடிபுகுகிற ஜெபத்துக்குக் கிருபா இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டான். ஆட்டிறைச்சிக் கறி கிளென் சமைக்கிறார் என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் வந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: போதகர் அறை அறையாகப் போவார், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார்கள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜெபம். ஹோலில் தொடங்கினோம். குசினியில் கறி மணத்தால் ஜெபம் கொஞ்சம் சுருங்கியது. கக்கூசில் ஆரோக்கியத்துக்காக ஜெபித்தார். கராஜில் விபத்தில்லாத பயணத்துக்காக. ஒவ்வொரு முறையும் கிளென் ஆமென் தொடங்கினார்.

அடுத்த கதவு திறந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அது வாடகைக்காரரின் அறையாக இருக்கவேண்டும்; அந்த வீட்டிலேயே நாங்கள் செய்த உண்மையான ஜெபம் அதுதான். உள்ளே கீபோர்ட்டும், அயன் பெட்டியோடு துணி மினுக்குகிற மேசையும், ஒரு கதிரையும் இருந்தன.

மிஞ்சியது ஒரே ஒரு அறை. அதில் ஒரே ஒரு கட்டில், பெரியது. இரண்டு பக்கமும் இரண்டு மூக்குக்கண்ணாடி.

போதகர் வாசலில் நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். கறி ஆறுகிறது, சாப்பிடப் போகலாம் என்றார்.

கிருபா அசையவில்லை. “கக்கூசுக்கு ஜெபிச்சனீங்கள் தானே ஐயா,” என்றான் மெதுவாக. “இதுவும் வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

போதகர் என்னைப் பார்த்தார். தீர்மானம் எழுதியவன் நான். நான் ஜன்னல் திரையில் இருந்த பூக்களை ஆராய்ந்தேன். யோகராணி அன்ரி தன் கைப்பையை ஆராய்ந்தார். கிளென் மட்டும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். போதகர் இந்த அறைக்கு மௌனமாக ஜெபிக்கிறார் என்று நினைத்துவிட்டார், மனுசன். அந்த மௌனம் போதுமான அளவு நீண்டதும், “ஆமென்,” என்றார்.

பழக்கதோஷம். வீடு முழுக்க ஆமென் என்றது. இரண்டு சபையும் ஒரே சுருதியில்.

கறி திறமாக இருந்தது. போகும்போது கிருபா என் கார் வரைக்கும் வந்தான். “அண்ணை, கிளெனுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஜெபம் நடந்ததெண்டு நினைச்சு, இரவு முழுக்கச் சமைச்ச களை தெரியாமல் சந்தோசமா நிக்கிறார்,” என்றான்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. அந்த ஆமெனைச் சொன்னது யார் என்பது முதல் கேள்வி. ஒருவரும் இல்லை. ஒருவருக்கு அப்போது தும்மல் வந்ததாம். ஒருவர் கராஜிலேயே நின்றுவிட்டாராம். தான் ‘ஆ’ வரைக்கும்தான் சொன்னேன் என்றார் யோகராணி அன்ரி. ஆகப் பெரிதாகக் கேட்டது உங்கள் குரல்தான் ஐயா என்று நான் போதகரிடம் சொன்னேன். அது தொழில் பழக்கம் என்றார் அவர், சிவந்துபோய்.

கடைசியில் அன்ரி ஒரு முடிவு வைத்தார். அந்த அறை ஆசீர்வதிக்கப்படவில்லை என்று யாராவது நேரில் போய் அந்த இரண்டு பேருக்கும் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். “செயலாளர் தம்பி போகட்டும். வேறை ஆருக்கும் மறுப்பிருக்கோ?”

எல்லோரும் குனிந்து நிலத்தில் கிடந்த பட்மின்ரன் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்த கைகளோடு கண்ணை மூடி நின்ற கிளெனை நினைத்தேன். அவரிடம் போய் நான் என்ன சொல்ல? எந்தத் தமிழில்? நல்ல தமிழிலா?

நானும் தலையைக் குனிந்தேன். கண்ணை மூடினேன். மௌனம் போதுமான அளவு நீளும்வரைக்கும் பார்த்திருந்து, “ஆமென்,” என்றேன்.

ஆமென் என்றது கமிட்டி முழுக்க. கூட்டம் முடிந்ததென்று கதிரைகள் இழுபட்டன. அன்ரி வாயைத் திறந்தபடி நிற்க, போதகர்தான் முதல் ஆளாக எழும்பித் தேத்தண்ணிப் பக்கம் போனார்.