கருவிப் பலகைக்குக் கீழே ஒரு பிள்ளையார்

1

இந்தக் கதை எனக்கு முக்கால்வாசிதான் கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். தெரிந்தவர் ஒருவரின் மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. என் மேசையில் இருந்த சீமோன் என்பவர் ரோல்ஸைக் கடித்தபடி சொல்லத் தொடங்கினார்.

"இராஜரட்ணம் அண்ணை தன்ர கையாலயே ஒரு பிளேன் கட்டினவர். பேபி அக்கா அதுக்குள்ள ஒரு பிள்ளையாரை வச்சவா. பிறகு எடுத்தவா. எல்லாம் அதில வந்ததுதான்."

நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன். கதை ஒரு தொலைபேசிப் பேச்சு முடிகிற இடத்துக்கு வந்தபோது, படம் எடுக்கச் சொந்தக்காரர் எல்லோரும் வரும்படி மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போன சீமோன் திரும்பவில்லை.

தேடிப்பிடித்து மிச்சத்தையும் கேட்டிருக்கலாம். ரொறன்ரோத் தமிழரில் இரண்டு பேரை விசாரித்தால் மூன்றாமவர் சொந்தக்காரராக இருப்பார். நான் விசாரிக்கவில்லை. முடிவு தெரிந்தால் எழுத மனம் வராது என்று பயந்தேன். அது சரியான பயமா என்று கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"யூனியன்வில்லில் ஒரு வீட்டுக் கராஜிலிருந்து விமானத்தின் உடல் வெளியே வந்தபோது அயலவர்கள் எல்லோரும் கோப்பிக் கோப்பையோடு வாசலுக்கு"

விட்டுவிட்டேன். அயலவர்கள் வாயைப் பிளந்தால் கதை வேடிக்கையாகிவிடும். இது வேடிக்கையில்லை.

2 (மறுபடியும்)

"பேபியின் தங்கை பதுங்குகுழிக்கு ஓடுமுன் அடுப்பை அணைக்கத் திரும்பியபோது வானத்தில்"

இந்த வசனம் இப்படியே நிற்கட்டும். பேபியும் இதை ஒருநாளும் முடித்ததில்லை. அவள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

3

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

இராஜரட்ணம் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். இங்கே மிசிசாகாவில் தகரம் வெட்டி மடிக்கும் பட்டறையில் வேலை. எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலத்தில் உருக்குக் குழாய்களை வாங்கிவந்து கராஜுக்குள் பற்றவைக்கத் தொடங்கினார். தொண்ணூற்று நான்கில் அது பறந்தது. இரண்டு இருக்கை, துணி போர்த்த சிறகு, மூக்கில் பழைய என்ஜின். மார்க்கம் நகருக்கு வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன விமானங்கள் இறங்கும் ஒரு புல்தரைத் திடலில் கொட்டகை வாடகைக்கு எடுத்து அதை நிறுத்தியிருந்தார்.

(யாழ்ப்பாணத்து மனிதர் விமானம் கட்டுவாரா என்று கேட்கிறீர்கள். பிளேன் என்றால் எங்கள் ஆட்கள் பதுங்குகுழிக்கு ஓடுவார்களே என்கிறீர்கள். அவரிடம் சீமோனும் அதைத்தான் கேட்டாராம். "நானும் ஓடினவன்தான். உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஒருக்கா கழட்டிப் பாக்க வேணும் போல இருந்தது" என்றாராம். இந்தப் பதில் சீமோன் சொன்னது, நான் புனையவில்லை.)

அவருடைய மனைவி யோகராணியைப் பேபி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். விமானத்தை அவள் தடுக்கவில்லை. சிறகுக்குத் துணி போர்த்திச் சூடுகாட்டி இறுக்க வேண்டிய நாளில், வீட்டு அயன்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளே கராஜுக்கு வந்தாள். சேலை மினுக்குவதுபோல ஒரு சுருக்கமில்லாமல் இரண்டு சிறகையும் மினுக்கிக் கொடுத்தாள். ஆனால் என்ஜின் உறுமிய அன்றைக்கு உள்ளே போய் எல்லா யன்னலையும் சாத்தினாள். அதற்குப் பிறகு திடலுக்கு வந்தாலும் சோற்றுப் பாசலோடு காருக்குள்ளேயே இருப்பாள்.

"வலப்பக்கத்து சீற் உமக்குத்தான் செய்தனான். ஒருக்கா வந்து இரும் பாப்பம்" என்று அவர் கேட்பார்.

"நான் நிலத்தில இருக்கிறன். எங்கள் ரண்டு பேரில ஒராள் நிலத்தில இருக்கவேணும்."

இரண்டு வருடமாக வலப்பக்க இருக்கையில் கருவிப் பெட்டிதான் பயணம் செய்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என்றாவது ஒருநாள் அவள் அதில் வந்து இருக்க வேண்டும்.

4

தானே கட்டிய விமானத்தைத் தானே பராமரித்து, பறக்கத் தகுந்தது என்று தானே கையெழுத்திட இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கையெழுத்தை இராஜரட்ணம் விளையாட்டாகப் போட்டவர் அல்லர். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய வடிகட்டியை அறுத்து, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்து, உலோகத் தூள் மினுங்குகிறதா என்று பார்ப்பார். எரிபொருளைப் போத்தலில் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு திருகாணியின் தலையையும் பூட்டுக் கம்பியால் பின்னிக் கட்டுவார். சீமோன் அதே கொட்டகையில் பங்குக்கு ஒரு பழைய விமானம் வைத்திருந்தவர். "அண்ணை, உதை நீங்கள் கட்டுறியளோ, தலை பின்னுறியளோ" என்று பகிடி பண்ணுவார்.

தொண்ணூற்று ஆறு வசந்தத்தில் ஒரு பழைய வானொலிக் கருவியை வாங்கிப் பூட்டினார். புதிதாக எதைப் பூட்டினாலும் திசைகாட்டியைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் இரும்போ மின்சாரமோ இருந்தால் முள் அந்தப் பக்கம் சாயும். தரையில் சுண்ணக்கட்டியால் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கோடு கீறி, என்ஜினை ஓடவிட்டு, மூக்கை ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பி முள் என்ன காட்டுகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு திசைகாட்டிக்குள் குட்டிக் காந்தங்களை அசைக்கும் இரண்டு சின்னத் திருகாணிகளைப் பித்தளைத் திருப்புளியால் திருகி, பிழையை ஈடுசெய்ய வேண்டும். அதற்கும் மிஞ்சிய பிழையை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள்.

வடக்கில் முள் இருபது பாகை பிழை காட்டியது.

"ரேடியோதான் அண்ணை" என்றார் சீமோன்.

வானொலியைக் கழற்றினார். பிழை போகவில்லை. அதன் வயர்களைக் கழற்றினார். அப்போதும் போகவில்லை. பின்னேரம் சீமோன் வீட்டுக்குப் போனபின் ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, மானிகள் பதித்த கருவிப் பலகைக்குக் கீழே பார்த்தார். வலப்பக்கத்தில், குறுக்கே போகும் உருக்குக் குழாயில் ஒரு சின்னப் பிள்ளையார் ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்காபரோக் கடைகளில் காருக்கு விற்கிற, அடியில் காந்தம் வைத்த பிள்ளையார். நெற்றியில் கொஞ்சம் சந்தனம் காய்ந்திருந்தது.

5

இந்த இடத்தில்தான் எனக்கு இராஜரட்ணத்தில் நம்பிக்கை போனது. எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்க்கிற மனிதர் என்ன செய்வார்? காந்தத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார், வீட்டில் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படியே எழுதியும் பார்த்தேன். "பேபி, உம்மட பிள்ளையார் எனக்கு வழி மாத்திக் காட்டிறார் என்று அவர்"

இல்லை. சீமோன் சொன்னது அதுவல்ல. அவர் கழற்றவில்லை. ஏன் என்று சீமோனுக்கு முழுதாக விளங்கவில்லை, எனக்கும் நெடுநாள் பிடிபடவில்லை.

பிறகு ஒரு நாள் என் காரில் ஏறி, பக்கத்து இருக்கையில் இருந்தபடி கையைக் கீழே நீட்டிப் பார்த்தேன். அப்போது விளங்கியது. வெளியே நின்றுகொண்டு அந்தக் குழாய்க்குக் கை எட்டாது. வலப்பக்க இருக்கையில் ஏறி, ஒழுங்காக இருந்து, முன்னுக்குக் குனிந்தால்தான் எட்டும்.

அதாவது, யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் பேபி அந்த இருக்கையில் இருந்திருக்கிறாள்.

இராஜரட்ணம் அங்கேயே படுத்திருந்து அழுதார் என்று எழுதுகிறேன். இது என் சேர்க்கை, ஆனால் பிழையாக இராது. மறுநாள் சீமோனை மறுபடி கூப்பிட்டு, பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருக்க, அவருடைய இழுப்புக்கு ஈடாகத் திருகாணிகளைத் திருகினார். முள் வடக்குக்கு வந்தது. மிஞ்சிய பிழையை அட்டையில் எழுதி ஒட்டினார். சீமோன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்காவிட்டச் சொல்லுங்கோவன் அண்ணை."

"சொன்னா எடுத்திடுவா. பிறகு உந்தப் பக்கம் வரமாட்டா."

6

ஆடி மாதம் கொழும்பு வழியாக ஒரு செய்தி வந்தது. ஊரில் இராஜரட்ணத்தின் சித்தப்பா செத்துப்போனார். செய்தி நடந்துவந்ததுபோலப் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் சாவுத் தீட்டு, துடக்குத் துடக்குத்தானே. பேபி சாமிப்படங்களை வெள்ளைத் துணியால் மூடினாள். விளக்கு ஏற்றவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் பக்கம் போவதில்லை என்றாள்.

விமானத்தில் இருந்த பிள்ளையாரும் அவள் நினைவுக்கு வந்தார். துடக்குக்காரர் ஏறி இறங்கும் இடத்தில் சாமி இருக்கக்கூடாது. அடுத்த ஞாயிறு, இராஜரட்ணம் கொட்டகைக்குப் பின்னால் சீமோனோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, அவள் போய்ப் பிள்ளையாரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். காவலுக்கு வைத்தவள், காவல் கெட்டுவிடக்கூடாது என்றுதான் எடுத்தாள்.

வைத்ததை அவள் சொல்லவில்லை. கண்டதை அவர் சொல்லவில்லை. எடுத்ததையும் அவள் சொல்லவில்லை. (பேபி இதையெல்லாம் செய்யும்போது என்ன நினைத்தாள் என்று மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். அவளுக்குள் போகிற வழி எனக்குத் தெரியவில்லை. இராஜரட்ணத்துக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.)

7

அடுத்த சனிக்கிழமை இராஜரட்ணம் வடக்கே முஸ்கோகாப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் விற்கவிருந்த பழைய வால்சக்கரத்தை வாங்கப் புறப்பட்டார். வெக்கை நாள். வானம் பால் கலந்த தண்ணீர்போல இருந்தது. எண்ணெய் பார்த்தார், போத்தலில் எரிபொருள் பிடித்துப் பார்த்தார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார். பறக்குமுன் பார்க்க வேண்டியவற்றில் பிள்ளையார் இல்லை.

வடக்கே முள்ளைப் பிடித்துக்கொண்டு போனார். சிம்கோ ஏரி காலுக்குக் கீழே வரவேண்டும். வலப்பக்கத்தில் மங்கலாகத் தெரிந்து மறைந்தது. காற்றுத் தள்ளுகிறது என்று நினைத்தார். திசைகாட்டியில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, அது அவரே திருகியது. பிறகு கீழே தண்ணீர் வந்தது. ஒரு சின்ன ஏரியாக இருக்கும் என்று பார்த்தார். தண்ணீர் முடியவில்லை. மேலேயும் கீழேயும் ஒரே வெள்ளை, கரை இல்லை, எரிபொருள் முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஜோர்ஜியன் குடாவுக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தார்.

அட்டையைப் பார்த்தார். தன் கையெழுத்து. பிறகு, ஏனென்று தெரியாமல், இருக்கைப் பட்டியைத் தளர்த்தி வலப்பக்கம் சரிந்து, பலகைக்குக் கீழே கையை விட்டார். வெறும் குழாய், குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் பயந்தார். பிள்ளையாரின் இழுப்புக்கு ஈடாக அவர் திருகிய திருகாணிகள், பிள்ளையார் இல்லாதபோது தாமே முள்ளை மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. அவரைக் காப்பாற்றியதும் அந்தக் கணக்குத்தான். பிள்ளையார் எவ்வளவு இழுத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். அவ்வளவையும் திருப்பிக் கூட்டி, மூக்கை வலப்பக்கம் திருப்பி, வாய்க்குள் பேபியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பறந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மரங்கள்.

முன்பின் தெரியாத ஒரு சின்னத் திடலில் இறங்கி, அங்கிருந்த அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தார்.

"பேபி, நான் வேற ஒரு இடத்தில இறங்கியிருக்கிறன். ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்."

"வழி மாறிட்டுதோ?"

"ஓம்."



"இஞ்சேருங்கோ, நான் ஒரு பிள்ளையாரை அதுக்குள்ள வச்சிருந்தனான். துடக்கெண்டு எடுத்திட்டன். அதாலதான் இப்பிடி வந்தது."

"ஓம்" என்றார் இராஜரட்ணம். "அதாலதான்."

(இது பொய்யில்லை. உண்மை முழுவதும் இதற்குள் இருக்கிறதா என்றால், அதுவுமில்லை.)

சீமோனைப் படம் எடுக்கக் கூப்பிட்டது இந்த இடத்தில்தான்.

8

இனி வருவதெல்லாம் நான்.

இராஜரட்ணம் சும்மா இருக்கமாட்டார். வீடு வந்த கையோடு மறுபடி சுண்ணக்கட்டிக் கோடு கீறி, பிள்ளையார் இல்லாமலே திசைகாட்டியைத் திருத்தி, புது அட்டை எழுதியிருப்பார். பிறகு அந்தியேட்டி முடியும். அதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறார். காவலுக்கு வைத்தது முதல்நாளே முள்ளைச் சாய்த்தது என்றும், அதை எடுத்தபோது அவர் சாகப் பார்த்தார் என்றும் அவள் அறிகிறாள். அதற்குப் பிறகு அவள் காரைவிட்டு இறங்குவதில்லை.

இன்னொன்றில் அவர் சொல்வதில்லை. பிள்ளையாரை வைக்க விட்டு, பழையபடி திருகாணியைத் திருகுகிறார். அடுத்த துடக்கு வரும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். தொண்ணூற்று ஆறில் எங்கள் வீடுகளுக்கு அடுத்த துடக்கு வர அதிகநாள் எடுப்பதில்லை.

மூன்றாவதில், காந்தத்தை இரகசியமாகக் கழற்றிவிட்டுப் பசை தடவி வைக்கிறார். கெட்டித்தனமான முடிவு. இதைத்தான் என் நண்பர் ஒருவரும் சொன்னார். ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்த கெட்டித்தனம் இந்த வீட்டில் ஏற்கெனவே போதுமென்று நினைக்கிறேன்.

மூன்றையும் விட்டுவிட்டேன். எனக்கு முடிவு தெரியாது. கடைசிக் காட்சி மட்டும் தெரிகிறது, அதை எழுதிவிடுகிறேன்.

9

முப்பத்தோராம் நாள் கழிந்த ஞாயிறு. தெளிந்த வானம். இராஜரட்ணம் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து விமானத்தை வெளியே உருட்டியிருக்கிறார். பேபி காரைவிட்டு இறங்குகிறாள். மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்த பிள்ளையார் கையில் இருக்கிறார். இந்த முறை அவள் ஒளிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்துக் கருவிப் பெட்டியைத் தூக்கிப் புல்லில் வைக்கிறாள். சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.

"இனி இவரை எடுக்கமாட்டன்" என்கிறாள். "துடக்கு வந்தாலும் எடுக்கமாட்டன்."

அந்த ஒரு சொல்லை நம்பித் திருகாணியைத் திருகலாமா? அவள் சொன்னால் செய்வாள். ஆனால் சாமிக்கு ஆகாதது என்று ஒரு நாள் மனம் உறுத்தினால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கருவிப் பலகையைப் பார்க்கிறார். புது அட்டையில் மை காய்ந்துவிட்டது. அவள் முன்னுக்குக் குனிந்து குழாயைத் தடவித் தேடுகிறாள். பிள்ளையாருக்கும் உருக்குக்கும் இடையில் இன்னும் ஒரு விரல் தூரம் இருக்கிறது.

"பேபி" என்கிறார் இராஜரட்ணம்.

அவள் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறாள்.

அடுத்து அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அவசரப்படாதீர்கள். எழுதுமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அவள் இருக்கையின் இடுப்புப் பட்டியைத் தானாகவே பூட்டிவிட்டாள்.