பழித்து வாங்கிய மேசை

வாங்க விரும்பும் சாமானை விற்கிறவன் முன்னால் புகழ்கிறவன் தன் சட்டைப்பையைத் தானே கிழிக்கிறவன். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவை வியாபாரம் செய்த வீட்டில் பிறந்த வலன்ரைனுக்கு இது ஞானஸ்நானத்தோடு வந்த பாடம்.

ஆனபடியால், அவர் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில், பழைய தளபாடம் விற்க அறிவித்திருந்த மதாம் லவுவா வீட்டு நிலக்கீழ் அறையில் அந்த மேசையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். உள்ளே நெஞ்சு துள்ளியது. அமெரிக்காவில் செய்த பழைய ஓக் மரத்து எழுதும் மேசை. அதே மரத்தில், அதே நிறத்தில் உட்கார ஒரு சுழல் கதிரை. அவர் மனைவி அக்னெஸ் மாதக்கணக்காக உடுப்பு அயன் பண்ணும் பலகையில் கணினியை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிறாள். குனிந்தே இருந்து இடுப்பும் நாரியும் முறிந்துவிட்டன. மேசையும் கதிரையும் சோடியாக வராவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டுப் பழையபடி பண்டகசாலைக்கே போகிறேன் என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருந்தாள்.

வலன்ரைன் தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் தொடங்கினார். கதிரை கிறீச்சிடுகிறது. மேசை லாச்சி இழுக்க வராமல் இறுகிக் கிடக்கிறது. மேலே யாரோ கோப்பி வைத்த வட்டம். இந்தப் பாரத்தை இந்தக் காலத்தில் யார் தூக்குவது? பெரியகடை வியாபாரி என்றால் இந்த இடத்தில் மார்பில் அடித்துக்கொண்டு மரத்தின் குலப்பெருமையை அவிழ்த்து விட்டிருப்பான். மதாம் லவுவா ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். மெய்தான் என்றார். இத்தனை பழுதுள்ள பொருளை ஒருவருக்கு விற்பது சரியில்லை, பின்னேரம் மகன் வந்து குப்பைக்குக் கொண்டுபோகட்டும் என்றார்.

இது என்ன புதுவிதப் பேரம்? பெரிய கைகாரி போலிருக்கிறது. வலன்ரைன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வாசலை நோக்கி நடந்தார், கூப்பிட அவகாசம் கொடுத்து, வலு மெதுவாக. பின்னால் ‘பொன் ஜூர்னே’ என்று விடைகொடுக்கும் குரலும் கதவு பூட்டும் சத்தமும் கேட்டன.

தெருவில் நிறுத்தியிருந்த வானுக்குள் ஏறி இருந்து மனைவிக்கு அழைத்தார்.

“அந்த மனிசி விலையைக் குறைக்குதில்லை அக்னெஸ், குப்பையிலை போடப்போகுதாம். எனக்குத் தலையும் விளங்கேல்லை, வாலும் விளங்கேல்லை.”

“இஞ்சேருங்கோ, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“வழமையாச் சொல்லுறதைத்தான்.”



“அவ நீங்கள் சொன்னதை நம்பிட்டா. திரும்பிப் போய்க் கதவைத் தட்டுங்கோ.”

நம்புவதா? வாங்க வந்தவன் சொல்வதையா? அப்படியொரு ஆபத்து அவருடைய பரம்பரைக்கே நேர்ந்ததில்லை.

திரும்பிப் போய்ப் புகழ்ந்தார். பழக்கமில்லாத வேலை, நாக்கு இடறியது. நல்ல மரம் என்றார். நல்ல கதிரை என்றார். அதற்குமேல் சொல் வரவில்லை. முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று மதாம் கேட்டார். பதிலுக்கு அக்னெஸின் நாரியைப் பற்றிச் சொன்னார். அதில் பேரம் ஏதும் இல்லாததால் சொல்லச் சுலபமாக இருந்தது. மதாமின் முகம் இளகியது. அவளுக்கென்றால் கொண்டுபோகலாம், ஆனால் பழுதைக் கண்டபின் கேட்ட விலையை வாங்கமாட்டேன், பாதி போதும் என்றார்.

பணத்தை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பாதிக்குத் தலையாட்டினால் பழுது உண்மையாகிவிடும். பழுது உண்மையென்றால், இந்த மனுசி மறுபடி மனம் மாறிக் குப்பைக்கு அனுப்பினாலும் அனுப்பும். பழுதே இல்லை, முழு விலையும் தருகிறேன் என்றார். மதாம் பாதி விலையிலேயே நின்றார். இவர் ஏற்ற, அவர் இறக்க, வியர்த்து விறுவிறுத்து முக்கால் விலையில் கைகொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் அக்னெஸ் அந்தக் கதிரையில் சாய்ந்து, நாரியை நிமிர்த்தி, மேசையைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவுக்கு முடித்தீர்கள் என்று கேட்டாள்.

“அவ பாதிதான் கேட்டவ,” என்றார் வலன்ரைன். “நான் விடேல்லை. முக்காலுக்கு ஏத்திப்போட்டன்.”

சொல்லிவிட்டு, அது பெருமைப்பட வேண்டிய விஷயமா இல்லையா என்று தெரியாமல் நின்றார்.